ஸ்ராண்டில் ஓடிய சைக்கிள்

"கனிசியஸின்ரை பேரை வெட்டு!"

விளையாட்டுக் கழகச் செயலாளர் நேசராஜா மேசையில் அடித்த அடியில் மைப்போத்தல் ஒருமுறை துள்ளியது.

"பொறுங்கோ அண்ணை," என்றான் யாகோப்பு. போட்டியாளர் பட்டியல் அவன் கையில்தான் இருந்தது. "நீச்சலிலை அவனை விட்டால் வேறை ஆர் இருக்கினம்?"

"நீச்சல் மட்டும் காணுமோ? சைக்கிள் ஆர் ஓடுறது, அவன்ரை அப்பனோ?"

கொழும்புத்துறையில் இப்படியொரு போட்டி நடப்பது அதுதான் முதல் தடவை. கடலில் நீந்திக் கரையேறி, சைக்கிள் ஓடி, பிறகு சைக்கிளைப் போட்டுவிட்டுக் காலால் ஓட வேண்டும். வெளிநாடுகளில் ஓடுகிற தூரத்தில் சரிபாதி. முழுத்தூரம் ஓட ரோட்டும் இல்லை, ரயரும் இல்லை. சண்டையும் பொருளாதாரத் தடையும் விட்டுவைத்தது அவ்வளவுதான். கடல்கூடப் பாதி இடத்தில் இடுப்பளவுதான். 'நடந்தால் வெளியே' என்று நேசராஜா விதி எழுதியிருந்தார்.

விதி எழுதுவதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். சுன்னாகம் போய்த் திரும்புகிற சைக்கிள் பாதையை எல்லோரும் ஒரு தடவையாவது சேர்ந்து ஓடிப் பழகியிருக்க வேண்டும் என்பதும் அவர் எழுதிய விதிதான். மூன்று பின்னேரம் ஓடியாயிற்று. மூன்றுக்கும் கனிசியஸ் வரவில்லை. இன்று கடைசி நாள்.

முதற்பரிசு இரண்டு புது ரயரும் ரியூப்பும். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் புது ரயரைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. கனிசியஸின் பின்ரயரோ நாலு இடத்தில் தைத்தது. விடியக் கடலுக்குப் போய், பிடித்த மீனை அந்தச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்கிற மனுசன். ரயர் போனால் பிழைப்பும் போச்சு. அப்படிப்பட்டவன் பழக வராவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

"அவனுக்கு என்னவாம்?"

"பின்னேரம் ஒரு அலுவலாம். என்னெண்டு கேட்டால் சிரிக்கிறான்." யாகோப்பு குரலைத் தாழ்த்தினான். "நான் வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தனான் அண்ணை. வளவுக்குள்ளை சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டிட்டு மிதிக்கிறான். டைனமோவிலை ரேடியோ ஓடுது."

பற்றறிக்குத் தடை வந்த பிறகு ஊரில் எல்லோருக்கும் அதுதான் வழி. டைனமோவில் வயரைக் கொளுவி ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் ரேடியோ கேட்பார்கள்.

"ஓகோ! நாங்கள் ரோட்டிலை காய, துரை வீட்டிலை இருந்து பாட்டுக் கேக்கிறாரோ? கையும் களவுமாப் பிடிக்கிறன். நான் வருமட்டும் ஓட்டம் தொடங்க விசிலை ஊதாதை!"

கனிசியஸின் வளவு நேசராஜா வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம். தன் வீட்டைக் கடக்கும்போது மட்டும் அவருக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது.

மகன் டானியல் வெளிநாடு போகவென்று கொழும்பில் ஒரு லொட்ஜில் நிற்கிறான். அங்கே ஒரு குண்டு வெடித்தால் பொலிஸ் தமிழ்ப் பெடியளை அள்ளிக்கொண்டு போகும். அதை நினைத்தே மனைவி சுகிர்தம் சாப்பாட்டை விட்டு எலும்பும் தோலுமாகிப் போனாள். ஒருநாள், "உங்கடை சைக்கிளிலை ரேடியோவைக் கொளுவித் தாங்கோவன்," என்று கேட்டாள்.

"செய்தி கேட்டு மனசைக் குழப்பாதை. ஜெபம் பண்ணு, காணும்," என்று ரேடியோவை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார் நேசராஜா.

இந்த ஒரு மாதமாகச் சுகிர்தம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். எல்லாம் தன் ஜெபத்தின் பலன் என்று போன ஞாயிறு கோயிலில் எழுந்து சாட்சியும் சொல்லியிருந்தார்.

தன் சைக்கிளை வெளியே சாத்திவிட்டுக் கனிசியஸின் படலையைத் தள்ளினார். அவன் வியர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்தான். ரேடியோச் சத்தம் கேட்டது. ஆனால் வளவுக்குள் ரேடியோவைக் காணவில்லை.

"உனக்கு..." என்று தொடங்கினார்.

கனிசியஸ் உதட்டில் விரலை வைத்தான். காலை மட்டும் நிறுத்தவில்லை.

டைனமோவிலிருந்து ஒரு வயர் மண்ணில் ஓடி, கிடுகு வேலியிலிருந்த ஓட்டைக்குள்ளால் அந்தப் பக்கம் போயிருந்தது. நேசராஜா குனிந்து பார்த்தார்.

அலுமாரிக்கு மேலே இருக்க வேண்டிய ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி சுகிர்தம் இருந்தாள்.

"தலைப்புச் செய்தியிலை கொழும்பைப் பற்றி ஒண்டுமில்லைத் தம்பி," என்றாள் வேலிக்கு அப்பால் இருந்து. "விரிவையும் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். உனக்கு ஏதும் அலுவல் கிடக்கோ?"

"எனக்கென்ன அலுவல் அக்கா? நீங்கள் ஆறுதலாக் கேளுங்கோ," என்றான் கனிசியஸ்.

கோயிலில் சொன்ன சாட்சியை நினைக்க நேசராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கனிசியஸின் காதுக்குள் மெல்லச் சொன்னார்.

"இறங்கு. என்ரை சைக்கிள் வெளியிலை நிக்குது. எடுத்துக்கொண்டு போ. நான் சொன்னதெண்டு யாகோப்பை விசில் ஊதச் சொல்லு."

"அப்ப அக்காவின்ரை செய்தி?"

"போடா!"

ஐம்பத்தாறு வயது நேசராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கனிசியஸின் சைக்கிளில் ஏறினார். இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது. வேலிக்கு அப்பால் செய்தி வாசிக்கிறவரின் குரல் இழுபடத் தொடங்கியது.

"என்ன தம்பி, இண்டைக்குக் கெதியாக் களைச்சுப் போனியோ?" என்று கேட்டாள் சுகிர்தம்.

நேசராஜா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தார்.