சத்துக்குளிசை

“சேட்டைக் கழட்டும், தங்கராசா” என்றார் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி வீரகத்தியர்.

அப்பா படலையைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் என் கையிலிருந்த தேநீர்ப் பேணியைப் பார்த்தேன்.

நெல்லுச் சூடு மிதிக்கும் வெயிலிலும் அப்பா இரண்டு சட்டை போடுகிறார்.

முன்பு செட்டிகுளம் சந்தை வரைக்கும் வெறும் மேலோடு போய் வந்தவர். சட்டையோடு வயலில் இறங்குகிறவனை, “என்ன, பொம்பிளையோ மறைக்கிறதுக்கு?” என்று கேட்டுச் சிரித்தவர்.

ஆறு மாதமாகப் பிள்ளையார் கோயிலுக்கும் போவதில்லை. ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். ஐயர் மந்திரத்தைப் பாதியில் விழுங்குகிறார், அதனால்தான் போவதில்லை என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

முதல் சட்டை கழன்றது. இரண்டாவதும் கழன்றது.

இரண்டு பக்கமும் மார்பு பெண்களுக்கு இருப்பதுபோலத் திரண்டிருந்தது. பரியாரி ஒரு விரலால் அமர்த்தினார். அழுதால் இன்னும் அடிப்பேன் என்று தங்கச்சி நேசமலரை அடிக்கிற மனிதர், ஒரு விரலுக்கு முனகினார்.

“உடம்பிலை பெண்ணீர் கூடிப்போச்சு. குசினி வேலை ஏதும் செய்யிறனீரோ?”

“நானோ? தண்ணி விடாய்ச்சாலும் குசினிப் படி மிதிக்கிறேல்லை.”

ஆறு மாதமாக அவர் சொன்னவற்றில் உண்மை அது ஒன்றுதான்.

பரியாரி ஒரு கறுப்புப் போத்தலைத் திறந்தார். பெண்ணீரை வற்றவைக்கும் லேகியமாம். மூன்று மாதம் சாப்பிட வேண்டுமாம். கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அது வயல் சூடு என்றார்.

அது வயல் சூடு இல்லை. போன கிழமை வவுனியாவில் டொக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். பஸ்ஸில் ஏறினால் அம்மாவுக்குச் சத்தி வரும் என்பதால் என்னைத்தான் கூட்டிப் போயிருந்தார். ஈரல் வீங்கியிருக்கிறது, ஏதோ ஒன்று உள்ளே போய் அதைக் கெடுக்கிறது, இன்னொன்றும் சேர்ந்தால் தாங்காது என்றார் டொக்டர். என்ன மாத்திரை, என்ன குளிசை போடுகிறீர்கள் என்று மூன்று தரம் கேட்டார்.

ஒன்றுமில்லை என்று மூன்று தரம் சொன்னார் அப்பா. வரும் வழியில், “நேற்றுப் படிச்சிட்டு வந்த பெடியன், அவனுக்கென்ன தெரியும்” என்றார். இன்று பரியாரியிடம் அந்தக் கதையையே எடுக்கவில்லை.

அந்த லேகியம் மூன்று மாதம் உள்ளே போனால் அப்பா அடுத்த விதைப்பைக் காணமாட்டார்.

“உடம்புக்குச் சத்து ஏதும் எடுக்கிறனீரோ?” என்றார் பரியாரி.

“அதுக்கென்ன குறை.” அப்பா கழற்றிய சட்டையின் பையிலிருந்து அட்டையை எடுத்தார். “மருத்துவிச்சி குடுக்கிற சத்துக்குளிசை. முழுக்க நான்தான் போடுறன்.” சத்து மருந்தில்லை என்பது அவர் கணக்கு; அதனால்தான் டொக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

மருத்துவிச்சி அதைக் கொடுத்தது அம்மாவுக்கு. அம்மா மிளகாய்த்தூள் பேணிக்குள் ஒளித்து வைத்திருந்தா. அப்பா கண்டுபிடித்துக் கேட்டபோது, சத்துக்குளிசை என்று சொல்லிவிட்டா.

“உழைச்சுக் களைக்கிறவன் நான். சத்து உனக்கோ?”

அன்றிலிருந்து காலையில் கஞ்சிக்கு முன் மூன்று, நான்காக விழுங்குவார். முடிந்தால், துலைந்துபோய்விட்டது என்று சொல்லி மருத்துவிச்சியிடம் வேறு அட்டை வாங்கி வரச் சொல்லி அம்மாவை அனுப்புவார். வாழையடியில் அம்மா சத்தி எடுக்கத் தொடங்கியதும் ஊரெல்லாம் சொன்னார்: “பாத்தியளோ, குளிசையின்ரை வேலை. ஐஞ்சாவது பெடியன்தான்.” அம்மாவுக்கு இப்போது மூன்று மாதம்.

பரியாரி அட்டையைக் கண்ணுக்குத் தூரப்பிடித்தார், கிட்டப்பிடித்தார். சிங்களமும் இங்கிலீசும்தான் இருந்தன.

“பிள்ளை, நீ எட்டு வரைக்கும் படிச்சனியெல்லே. வாசி பாப்பம்.”

மூன்றாவது தங்கச்சி பிறந்தபோது தொட்டில் ஆட்டவென்று என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். ஐந்தாவது பிறந்தால் நேசமலரை நிறுத்துவதாக முடிவு. நின்ற நாளிலிருந்து நான் ஒருவர் முன்னாலும் எதையும் வாசித்ததில்லை.

குசினி வாசலில் அம்மா நின்றா. சேலைத் தலைப்பு வாய்க்குள் இருந்தது. எனக்கு மட்டும் தெரிய, ஒரு தரம் தலையை ஆட்டினா. வேண்டாம்.

நான் வாசித்தேன்.

“இது பெண்களுக்குரிய சத்துக்குளிசை. ஆண்கள் உட்கொண்டால் மார்பு வளரும், ஈரல் பழுதாகும். அப்படி உட்கொண்டவர் ஆறு மாதத்துக்கு லேகியமோ கள்ளோ தொடக்கூடாது.”

“லேகியமெண்டும் போட்டிருக்கோ?” என்றார் பரியாரி.

“ஓம்.”

“கள்ளெண்டும்?” என்றார் அப்பா.

“ஓம். பெரிய எழுத்திலை.”

பரியாரி போத்தலை மூடினார். அச்சடித்த எழுத்தோடு அவர் சண்டைக்குப் போவதில்லை.

அப்பா இரண்டு சட்டையையும் அவசரமாகப் போட்டார். பொத்தான் மாறிப் பூட்டினார். பிறகு அட்டையைக் குசினி வாசலுக்கு வீசி எறிந்தார்.

“பொம்பிளைச் சாமானை எனக்குத் தின்னத் தந்தவள். இந்தா, இனி நீயே தின்.”

ஈரலைப் பற்றியோ கள்ளைப் பற்றியோ அந்த அட்டையில் ஒரு சொல்லும் இல்லை. அதில் இருந்தவை கிழமைகளின் பெயர்களும், நாளுக்கு ஒன்று என்பதும்தான். எதற்கு என்பதை நான் அதில் வாசித்து அறியத் தேவையில்லை. இனிப் பிள்ளை உண்டாகாமல் இருக்க என்று மருத்துவிச்சி அம்மாவின் காதுக்குள் சொன்னபோது, நான் தொட்டிலடியில் இருந்தேன்.

அம்மா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு குனிந்தா. அட்டையைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, மிளகாய்த்தூள் பேணிக்குள் வைத்து மூடினா.

மூன்று மாதம் பிந்தி.