அடுக்களைச் சத்தம்

"பெருங்காயம் எங்கேடி, கழுதே! எத்தனை தரம் சொல்லணும் நோக்கு?"

நீலகண்டன் மூக்கை விடைத்துக்கொண்டு கத்திக் காட்ட, கூடம் சிரித்தது. செத்துப்போன கல்யாணராமனே எழுந்து வந்தது போலிருந்தது.

கல்யாணராமன், வயது அறுபத்தேழு, மட்டாஞ்சேரி மடத்துத் தெரு. நாற்பது வருஷம் கல்யாணச் சமையல், கடைசி ஆறு வருஷம் சும்மா. பதின்மூன்றாம் நாள் காரியம் நேற்றோடு முடிந்தது. இதுவரை பக்கத்து வீடுகள்தாம் சமைத்துக் கொடுத்திருந்தன.

"எங்காத்துக்கும் இதுக்கும் ஒரே சுவராக்கும்" என்றார் நீலகண்டன். "விடிஞ்சா ரெண்டு பேரும் அடுக்களைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்பா. மடியாம், யாரும் எட்டிப் பார்க்கப்படாதாம். அப்புறம் கேட்டேளா, ஒரே கத்தல். 'புளி ஜாஸ்தி! தாளிச்சது போறும்!' மனுஷனா அவன்?"

"மன்னி ஒரு வார்த்தை பதில் சொன்னது உண்டா?" என்றாள் திருப்பூணித்துறையிலிருந்து வந்திருந்த நீலாம்பாள். செத்தவர் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். "முப்பது வருஷம்! நானாயிருந்தா கரண்டியாலே போட்டிருப்பேன்."

கல்யாணராமன் மனைவி லோகாம்பாள் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகுட்டி இல்லை.

"இன்னொண்ணு தெரியுமோ?" நீலாம்பாள் குரலைத் தாழ்த்தினாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "ஆலப்புழை, வைக்கம்னு கல்யாணத்துக்குப் போய் இவன் பாயசமும் பப்படமுமாத் திம்பான். இங்கே மன்னிக்கு விரதம். அவன் திரும்பி வரவரைக்கும் பழமும் பாலும். அரிசியைப் பூட்டிண்டு போயிருப்பான், படுபாவி."

"ஊருக்கெல்லாம் வடிச்சுக் கொட்டினவன், ஆத்துக்காரியைப் பட்டினி போட்டான்" என்றார் நீலகண்டன்.

"மாமி கைரசத்தை ஒருநாள் வாயால நன்னாருக்குன்னு சொன்னானா? நாங்க சொன்னாலும் 'ஹூம்'னு ஒரு முக்கல். பொறாமை ஓய், வேறென்ன!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அண்ணனை இவ்வளவு திட்டினாளே தவிர, 'மன்னி, எங்காத்துக்கு வாங்கோ' என்று மட்டும் நீலாம்பாள் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனையோடு வந்திருந்தாள்.

"மன்னி, மிளகுக் கிடங்குக் குமாஸ்தாக்கள் நாலு பேர். கல்யாணம் ஆகாத பையன்கள், ஹோட்டல் சாப்பாடு வயத்துக்கு ஆகலையாம். இன்னிக்கு மத்தியானம் வரச் சொல்லியிருக்கேன். பிடிச்சுதுன்னா மாசாமாசம் இங்கேயே சாப்பாடு. உங்க பாடு கழிஞ்சுடும்."

லோகாம்பாள் மெல்லத் திரும்பினாள். "பிடிக்கலேன்னா?"

"நல்ல கேள்வி! உங்க ரசம் பிடிக்காம?" நீலகண்டன் நாக்கைச் சப்புக்கொட்டினார். "சங்கராந்திக்கு ஒரு கிண்ணம் குடுத்தனுப்புவேளே, அதுக்காக நான் வருஷம் பூரா காத்திண்டிருப்பேனாக்கும்."

"பிடிக்கலேன்னா சத்திரந்தான்" என்றாள் நீலாம்பாள் வெட்டினாற்போல. "எங்காத்துல இப்பவே ஒம்பது பேர். கால் நீட்ட எடமில்லை."

லோகாம்பாள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எழுந்திருங்கோ, மணி ஒம்பதரை ஆறது." நீலாம்பாள் கையைப் பிடித்துத் தூக்கி, அடுக்களைக்குள் கொண்டுபோய் விட்டாள். அரிசி, பருப்பு, புளி, விறகு எல்லாம் தயாராக இருந்தன. நீலகண்டனும் மற்றவர்களும் வாசற்படியில் நின்றார்கள்.

"இனிமே கத்தறதுக்கு ஆளில்லை, மன்னி. நிம்மதியாச் சமையுங்கோ" என்று சொல்லி, ஆசாரப்படி கதவைச் சாத்தப் போனாள் நீலாம்பாள்.

"சாத்தாதே!"

முப்பது வருஷத்தில் லோகாம்பாள் இவ்வளவு உரக்கப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. அவள் வெண்கலப் பானையை இரண்டு கையாலும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து நீர் பானைக்குள் சொட்டியது.

"இந்த அடுப்பை நான் ஒருநாள்கூட மூட்டினதில்லை. அவர்தான் சமைப்பார், கத்திண்டே" என்றாள். "சாதம் வடிக்கிறது எப்படின்னு யாராவது சொல்லித் தாங்கோ."