தருமாவின் ஒற்றைக் கண்

"இதுக்குக் கண்ணு வெச்சது யாரு?"

கூடத்துச் சுவரைப் பார்த்தபடி தமயந்தி கேட்டாள். கையிலிருந்த சீப்பு பாதித் தலையில் நின்றுவிட்டது.

சுவரில் ஜப்பான் படம். போன வருடம் கம்பெனி வேலையாக ஒசாகா போயிருந்த அவள் கணவன் கவியரசன் வாங்கி வந்தது. அந்த ஊர்ப் பொம்மை ஒன்றை மரக்கட்டையில் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்திருந்தார்கள். பொம்மையின் பெயர் தருமா. சிவப்பாய், உருண்டையாய், நம் தஞ்சாவூர் பொம்மை போலத் தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்கிற ஜாதி. கண் இரண்டும் வெறும் வெள்ளை. எதையாவது வேண்டிக்கொண்டு ஒரு கண்ணுக்கு விழி வரைய வேண்டும். வேண்டியது நடந்தால் மற்றக் கண்ணுக்கு.

"அதெல்லாம் பொம்மைக்கு. இது படம். யாரும் கை வைக்கக் கூடாது" என்று, விருந்தாளிக்குக் காபி வருவதற்கு முன்பே கவியரசன் சொல்லிவிடுவான்.

இப்போது இடது கண்ணில் கறுப்பு மார்க்கரால் ஒரு விழி. கொஞ்சம் கோணல்.

"கரப்பான் பூச்சி வேலையா இருக்கும்" என்றான் கவியரசன், டையைச் சரிசெய்தபடி.

"கரப்பான் பூச்சி மார்க்கர் வெச்சிருக்கா?"

"விடு தமயந்தி. ஸ்கூலுக்கு நேரமாகல?"

"எப்படி விடறது? கீழ்வீட்டு ஆன்ட்டிதான். சாவி அவங்ககிட்டதானே இருக்கு?"

பிரிஜெட் ஆன்ட்டிதான் அந்த ஆஸ்டின் டவுன் வீட்டின் சொந்தக்காரர். காவேரித் தண்ணீர் வரும் நேரத்தில், மாடிக் குளியலறை வால்வைத் திருக வந்துபோவார். செருப்பு, பல்பு, துணிக்கொடி என்று எதையாவது குறை சொல்லாமல் இறங்கியதில்லை. இந்தப் படத்தைப் பார்த்த அன்றே, "ஐயோ பாவம், கண்ணில்லாம மாட்டியிருக்கியே. வீட்டுல ஒரு ஸ்கெட்ச் பேனாகூடவா இல்ல?" என்று கேட்டவர்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தமயந்தி கூப்பிட்ட வேகத்தில் ஆன்ட்டி மீன் கழுவிய கையோடு மேலே வந்தார். படத்தைப் பார்த்தார். கவியரசனைப் பார்த்தார். அவன் தன் டிபன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தாம்மா வெச்சேன்."

"ஏன் ஆன்ட்டி?"

"பார்க்கச் சகிக்கல."

"அப்ப ஒரு கண்ணோட ஏன் நிறுத்தினீங்க?"

"மார்க்கர் காஞ்சு போச்சு."

கவியரசனுக்குப் புரையேறியது.

"இது கையால அச்சடிச்ச படம், ஆன்ட்டி."

"நானும் கையாலதாம்மா வெச்சேன்."

தமயந்திக்கு முகம் சிவந்துவிட்டது. கிட்டத்தட்ட தருமா நிறம்.

"இனிமே இங்க இருக்க முடியாது. இந்த மாசமே வேற வீடு பார்த்துக்கறோம்."

"வேற வீடா? இப்பவா?" கவியரசன் பதறினான். "வேண்டாம். படம்தானே?"

"படம்தானேவா? மூச்சுக் காத்து படக்கூடாதுன்னு எங்கப்பாவையே ரெண்டடி தள்ளி நிக்க வெச்சீங்க."

"போறதுன்னா போங்கம்மா" என்றார் ஆன்ட்டி. "போறப்ப அந்தத் துணிக்கொடியையும் அவுத்துட்டுப் போங்க."

தமயந்தி மீதித் தலையை வாரிக்கொண்டு, பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் கிளம்பினாள்.

கவியரசன் கீழே வந்தபோது ஆன்ட்டி மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, நீங்க வரையலையே."

"இல்ல."

"நான்தான்..."

"தெரியுது. விரல்ல மை இன்னும் போகல. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்."

"அப்புறம் ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"நீதான்னு தெரிஞ்சா, என்ன வேண்டிக்கிட்டேன்னு கேப்பா. வேலை கிடைக்கணும்னு சொல்வியா? வேலைக்குப் போறேன்னுதானே அவ தினம் டிபன் கட்டிக் குடுக்கறா?"

கவியரசன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கம்பெனியில பாதிப் பேரை அனுப்பிட்டாங்க, ஆன்ட்டி. அவகிட்ட சொல்ல வாய் வரல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பீடத்துக்குப் பூ வைக்க தினம் மாதா கோயிலுக்குப் போறவ நான். கோயில் தோட்டத்து பெஞ்சில, டை கட்டிக்கிட்டு பகல் முழுக்க வேற எவன் உக்காந்திருப்பான்?"

அவன் டையைத் தளர்த்தினான்.

"சீக்கிரம் அவகிட்ட சொல்லிடு தம்பி. இன்னிக்கு மட்டும் அந்த பெஞ்சுக்குப் போகாதே. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாங்க. டையில தெறிச்சா, அதையும் நான்தான் செஞ்சேன்னு சொல்ல முடியாது."