பளபளப்பைத் தேய்த்தெடுத்தல்

கொழும்பு வெள்ளவத்தையின் கடற்கரை ஒழுங்கையொன்றில், ஞாயிறு மத்தியானத்து வெயிலில், கனகேந்திரன் தன் காரின் அலுமினியச் சில்லொன்றின் முன்னால் குந்தியிருந்து, அதன் பளபளப்பைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தெடுக்கிறார். முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று போன வருஷம்வரை கலியாண வீடுகளில் சொல்லித் திரிந்த சில்லுகள். இப்போது அந்த மினுக்கத்தைக் கண்டதும் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் ஆமிக்காரன் கையைக் காட்டுகிறான். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் டிக்கியைத் திறக்கச் சொல்கிறான். வெள்ளிக்கிழமை மணல்மூட்டைக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் நிற்கவைத்துவிட்டார்கள். கார் எவர் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வந்துசேர வேண்டும், அவ்வளவுதான். இது நான்காவது சில்லு. தோள் கழன்று விழும்போல் இருக்கிறது. சாம்பல் நிறச் சவர்க்காரத் தண்ணீர் முழங்கையால் ஒழுகுகிறது. கடலைக் கொஞ்சநேரம் மறைத்துக்கொண்டு ரயிலொன்று போகிறது. ஆனாலும் மானேஜர் உத்தியோகத்தின் வீம்பு விடவில்லை; கீறல்கள் எல்லாம் ஒரே திசையில், வாரிவிட்ட தலைமயிர் மாதிரி, அத்தனை திருத்தமாக ஓடுகின்றன. துணியால் துடைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி எழும்புகிறார். எதிர்வீட்டு நிலாம் கேற்றடியில் நின்று விசிலடிக்கிறார். "என்ன அண்ணன், புது ரிம்மா? ஜப்பான் சாமானா? தூரத்திலயே கண்ணுக்குத் தெரியுதே!" வாசற்படியில் நிற்கும் மனைவி தவமலருக்குச் சிரிப்பு வரவில்லை. "கேட்டீங்களே? இனி மறிச்சு வச்சு விலையும் விசாரிப்பாங்கள்." கனகேந்திரன் பூச்சாடியிலிருந்து ஒரு பிடி ஈரமண்ணை அள்ளிச் சில்லில் அப்புகிறார். பிறகு, எல்லாப் பக்கமும் சமமாகப் படிந்திருக்கிறதா என்று தள்ளிநின்று பார்க்கிறார்.