அரை கிளாஸ் தைரியம்

"வாய ஊதுடா!" என்றார் மேனேஜர் சரவணகுமார், கைக்குட்டையால் தன் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு.

பூபாலன் ஊதினான். மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டின் சமையலறை முழுக்கச் சோம்பு வாசனை.

"பாஸ்டிஸைக் குடிச்சியா?"

"ஆமா அண்ணாத்த! அரை கிளாஸ்!"

நேற்றுவரை அவரைச் 'சார்' என்று கூப்பிடவே நாக்கு குழறியவன் அவன். ஆனால் இன்றைக்குப் பரீட்சை. சோம்பு மணக்கும் அந்தப் பிரெஞ்சுச் சரக்கை ஊற்றி அவன் செய்யும் இறால் பிடித்துவிட்டால், முதலாளியம்மா சுஜாதா அவனைத் தலைமைச் சமையல்காரன் ஆக்குவார். பயத்தில் கரண்டியை இரண்டு தரம் கீழே போட்டான். மேனேஜர் பீரோவைத் திறந்து எடுத்துக்கொடுத்த பாட்டிலோ கையிலேயே இருந்தது. அரை கிளாஸ் உள்ளே போனதும் பயம் போன இடம் தெரியவில்லை. வாணலியில் ஊற்றியபோது, சரக்கு பட்டால் எழும்ப வேண்டிய தீ குப்பென்று எழும்பாததைக்கூட அவன் சட்டை செய்யவில்லை. எல்லாம் கடல்காற்று என்று சொல்லிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி இறாலைப் புரட்டினான்.

காலித் தட்டோடு சுஜாதா உள்ளே வந்தார். "இறால் பிரமாதம்! இங்க என்ன சத்தம்?"

"குடிச்சிட்டான் மேடம். இவனை வீட்டுக்கு அனுப்பிடலாம். எச்சில் பண்ணின பாட்டிலையும் கொட்டிடறேன்."

பூபாலன் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"குடிச்சேன் மேடம், ஒத்துக்கிறேன். ஆனா தண்ணி ஊத்தி ரொப்பி வெக்கல. இதுல தண்ணி பட்டா பால் மாரி வெள்ளையாயிடும். பாருங்க, எவ்ளோ தெளிவா கீது! வேணும்னா இப்பவே காட்றேன்."

"வேணாம்டா!" என்று மேனேஜர் பாய்வதற்குள் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் சரித்து, மேலே தண்ணீரையும் ஊற்றிவிட்டான்.

வெள்ளையாகவில்லை. இன்னும் ஊற்றினான். அப்போதும் இல்லை.

சுஜாதா டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"பூபாலன், இதுல சரக்கே இல்ல. சோம்பு போட்டுக் காய்ச்சின வெறும் தண்ணி."

"அப்போ நான் இம்மா நேரம் ஆடுனது இன்னாத்துக்கு மேடம்?"

சுஜாதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பீரோ சாவி தொங்கிய இடுப்பின் பக்கம் திரும்பினார்.

"கைக்குட்டைய எடுங்க சரவணகுமார். இப்ப நீங்க ஊதுங்க."