காத்தாயி கொடுத்த பச்சைச் சீட்டு

மலையடிவாரத்திலே காத்தாயி என்று ஒரு காற்றாலை. பக்கத்திலேயே பொன்னாண்டி என்று ஒரு டீசல் இன்ஜின். இனிமேல் கரண்ட் தயாரிக்கிறவர்கள் எல்லாம் தை பிறந்ததும், புகையில்லாத கரண்ட் என்பதற்கு அத்தாட்சியாகப் பச்சைச் சீட்டு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டிப்போடுவோம் என்று ஒரு சட்டம் வந்தது. காற்றில் சுற்றுகிறவள் என்பதால் காத்தாயிக்கு மட்டும் கட்டுக்கட்டாகச் சீட்டு வந்தது.

பொன்னாண்டி இருமிக்கொண்டே கெஞ்சினான். "அக்கா, அந்தச் சீட்டையெல்லாம் எனக்குக் கொடேன். கீச்சுக்கீச்சென்று கத்துகிற உன் மூட்டுக்கு ஒரு டப்பா கிரீஸ் தாரேன்."

காகிதம்தானே, காற்றா குறைந்துவிடப் போகிறது என்று காத்தாயி அத்தனையும் கொடுத்துவிட்டாள்.

தை பிறந்தது. சீட்டைச் சோதிக்க ஆபீசர் கொக்கு வந்தார். பொன்னாண்டி குபுகுபுவென்று புகைவிட்டபடி சீட்டை நீட்டினான்.

"அடடா, என்ன சுத்தமான காற்று!" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே கொக்கு அவனுக்கு மாலை போட்டார். "உன் சீட்டு எங்கேம்மா, காத்தாயி?"

"இந்தா சுத்துறேனே ஐயா! காத்து மேலே படலையா?"

"படுது, தொப்பியே பறக்குது. ஆனால் சீட்டில்லாத காற்று சட்டப்படி புகைதான்."

காத்தாயியின் இறக்கைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். அவள் இறக்கை வீசிய காற்று நின்றதும் பொன்னாண்டியின் புகை அப்படியே கவிந்துகொண்டது. வெள்ளைக் கொக்கு கரிக்கொக்காகி, வழி தெரியாமல் அலறினார். "யாராவது கொஞ்சம் காத்து விடுங்கப்பா!"

"விடலாம் ஐயா," என்றாள் காத்தாயி. "சீட்டு இல்லீங்களே."