பூட்டிய நோட்டு

"பூனைக்குச் சர்க்கரை வியாதி. அதுக்கு ரெண்டு வேளை ஊசி வேற. வெளியில சொன்னா சிரிப்பாங்கடா."

அக்கா சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி, மிளகுவின் முதுகுத் தோலை இரண்டு விரலால் தூக்கி, ஊசியைச் செருகி எடுத்தான். மிளகு தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. பன்னிரண்டு வயதுக் கறுப்புப் பூனை. அம்மா வளர்த்தது.

"எவ்வளவு போடணும்?"

"ரெண்டு யூனிட்."

இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்தான். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்தான். மறுபடி பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அதை ஏன் பூட்டறே? பூனையோட சர்க்கரை என்ன ராணுவ ரகசியமா?"

"பழக்கம்க்கா."

"நல்ல பழக்கம். அம்மா இருந்தப்ப இதெல்லாம் எங்கே போச்சு?"

அவன் ஊசியைக் குப்பையில் போட்டான். ஓராண்டாக அக்கா போனில் கேட்டதும் இதுதான். ரெண்டு நாளா ஊசி போட மறந்துட்டேன், அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிடுச்சு என்று அம்மா இறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னவன் அவன்தான். அதற்குப் பிறகு அக்கா ஊர் மாறிப் போனாள்; இந்த வீட்டில் தங்குவது இதுவே முதல் தடவை. அதுவும் ஆபீஸ் வேலையாக வந்த இடத்தில், ஒரே ஒரு ராத்திரி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவனுடைய போனில் ஊசிக்கான அலாரம் அடித்தது. போன் மேசையில் இருந்தது. அவன் பால் வாங்கக் கீழே போயிருந்தான். மிளகு ஃபிரிட்ஜ் முன்னால் நின்று கத்தியது.

திரும்பி வந்தவனை அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உன் பூனைக்கு ஊசி போட்டாச்சு. நேத்து நீ போட்டதைப் பார்த்து வெச்சிருந்தேன். நான் இருந்ததால ஆச்சு. இல்லேன்னா இன்னிக்கும் கோட்டை விட்டிருப்பே."

அவன் பால் பாக்கெட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எவ்வளவு போட்டே?"

"ரெண்டு. ஏன், உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"நான் ஆறு அம்பதுக்கே போட்டுட்டுத்தான் கீழே போனேன்க்கா."

"எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? எழுதற நோட்டைத்தான் பூட்டி வெச்சிருக்கியே."

அவன் பாய்ந்து போனை எடுத்தான்.

கால்நடை டாக்டர் போனில் சொன்னார்: "சாப்பிட வையுங்க. அரை மணிக்கு ஒரு தடவை காதுல குத்திச் சர்க்கரை பாருங்க. இறங்கிட்டே வந்தா ஈறுல தேனைத் தடவுங்க. அறுபதுக்குக் கீழே போனா உடனே தூக்கிட்டு வாங்க."

வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு லீவு சொன்னான். அக்காவும் கிளம்பவில்லை. எட்டு மணிக்கு நூற்றுநாற்பது. ஒன்பதரைக்கு எண்பத்தாறு. பத்து மணிக்கு அறுபத்திரண்டு. மிளகு தலையைத் தூக்க முடியாமல் அவன் மடியில் கிடந்தது. அவன் விரலால் தேனைத் தொட்டு அதன் ஈறில் தேய்த்தான்.

"ரெண்டு சொட்டு மருந்துடா. இவ்வளவு பண்ணுமா?"

"ரெண்டாவது தடவை போட்டா பண்ணும். சர்க்கரை இறங்கிட்டே போகும்."

தேன் பாட்டிலை நீட்டிய அக்காவின் கை அப்படியே நின்றது.

"டேய்."

"ம்."

"அம்மா போன அன்னிக்குக் காலையில நான் வந்தப்போ நீ கடைக்குப் போயிட்டே. தம்பி ஊசி போட்டானாம்மான்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டினாங்க. நான்தான் போட்டுட்டு ஆபீஸ் போனேன்."

"தெரியும்."

"அம்மாவுக்கு அப்போ சாப்பிட்டதுகூட ஞாபகம் இருக்காது."

அவன் பூனையின் காதைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர்கிட்ட நீ மட்டும்தான் பேசினே. சொல்லுடா. அன்னிக்கு நீ நிஜமாவே போடலைதானே?"

"போடலை." அவன் நிமிரவில்லை. "எத்தனை தடவைக்கா சொல்றது? அந்த ரெண்டு நாள்ல அம்மாவுக்குக் கிடைச்ச ஒரே ஊசி நீ போட்டதுதான்."

அக்கா நீளமாக மூச்சு விட்டாள். பாட்டில் மூடியைத் திருகினாள். முகத்துக்கு ரத்தம் திரும்பியது. கூடவே பழைய கோபமும்.

இரண்டு மணிக்கு மீட்டர் நூற்றுப்பதினெட்டு காட்டியது. மிளகு எழுந்து, தள்ளாடாமல் நடந்து போய் ஜன்னலருகே உட்கார்ந்து காலை நக்கியது.

அக்கா பையை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு பூனைக்கு லீவு போட்டுட்டு உக்காரத் தெரியுது உனக்கு. பெத்தவளுக்கு ஊசி போட ஞாபகம் இல்லை. இந்த ஜென்மத்துல நான் உன்னை மன்னிக்க மாட்டேன்டா."

"பார்த்துப் போக்கா."

கதவைச் சாத்திவிட்டு வந்து இழுப்பறையைத் திறந்தான். அம்மாவுக்காக வாங்கிய நோட்டு அது. பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்ததால் பூனைக்கும் அதையே வைத்துக்கொண்டிருந்தான். இன்றைய அளவுகளை ஒன்று விடாமல் எழுதினான்.

பிறகு பின்னோக்கிப் புரட்டினான். அம்மாவின் கடைசிப் பக்கத்தில், அந்த நாளின் தேதிக்கு நேரே, அவனுடைய கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

'காலை 6.50. பத்து யூனிட். போட்டாச்சு.'